பெயர் கேட்டு அழுத குழந்தை

வடகோடிப் பனி ஊரான எங்கள் கௌதோகெய்னோவின் பனிமான் இறைச்சிக் கூடத்தில் பதினெட்டு வருடமாக என் பக்கத்து மேசையில் கத்தி பிடித்தவள் சுன்னா. காப்பி இடைவேளையில் வாயைத் திறந்தால் பேய்க்கதைதான். அதன் பிறகு குளிர்பதன அறைக்கு யாரும் தனியாகப் போக மாட்டோம்.

போன மார்ச்சில் தலைநகர் ஆஸ்லோவிலிருந்து ஒரு படக்குழு வந்தது. எஹ்பாரஷ் பற்றிய படம். பிறந்த கையோடு, பெயர்கூட வைக்காமல் பனிவெளியில் விட்டுவிட்டுப் போன குழந்தை செத்த பிறகும் அங்கேயே அழுதுகொண்டிருக்கும். அதற்குத்தான் எங்கள் மொழியில் எஹ்பாரஷ் என்று பெயர். கூடத்தில் அப்போது வேலை இல்லாததால் குழுவுக்குச் சமைக்க நானும் சுன்னாவும் போனோம்.

மூன்றாம் நாள், இயக்குநர் ஐவின்ட் கடைசிக் காட்சியை விளக்கிக்கொண்டிருந்தான். கதாநாயகன் குழந்தையின் எலும்புகளைத் தோண்டி எரிக்கிறான். சுன்னா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

“தம்பி, பச்சப்புள்ளைய எரிப்பாங்களா? அது ஒரு பேருக்குத்தான் அழுவுது. பேரு வெச்சா அடங்கிரும்.”

“அப்புறம் யாருங்க பயப்படுவா? தாலாட்டு மாதிரி ஆயிடும்.”

“சூப்பு ஆறுனா ஆறட்டும். உக்காரு, சொல்றேன்.”

நடுப்பகல். வெளியே கண் கூசும் வெயில். சாப்பாட்டுக் கூடாரத்தில் பதினோரு பேர். சுன்னா குரலை உயர்த்தவே இல்லை.

ஒரு மேய்ப்பன் மனைவியோடு சறுக்குவண்டியில் போகிறான். அழுகுரல் கேட்கிறது. தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். அடங்கவில்லை, நெருங்கி வருகிறது. அப்போது பக்கத்தில் இருந்த மனைவி மெல்ல ஒரு பெயரைச் சொல்கிறாள். அழுகை நின்றுவிடுகிறது. அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார்கள்.

ஒலிப்பதிவுக்காரப் பெண் கைகளைக் கால்களுக்கிடையில் புதைத்துக்கொண்டாள். ஐவின்ட் கேட்டான்.

“அவன் கேக்கவே இல்லையா?”

“கேட்டா அவ பதில் சொல்லிருவாளே.”

அன்று மாலையே ஐவின்ட் திரைக்கதையின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவள் சொன்னதையே முடிவாக்கினான். சுன்னா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“படத்துல அந்த மேய்ப்பன் பொண்டாட்டி எங்க மொழியிலதான் பேசணும்.”

நவம்பரில் ஊர் மன்றத்தில் படம் போட்டார்கள். திரையில் ‘கதை: சுன்னா’ என்று வந்ததும் இறைச்சிக் கூடத்து ஆட்கள் மொத்தமாக எழுந்து கைதட்டினோம். அவள் திரையைப் பார்க்கவே இல்லை, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்த மனைவி பெயரைச் சொல்ல வாய் திறக்கும் இடத்தில் என்னை இடித்தாள்.

“ஆந்தேவப் பாரு.”

கரடிக்குப் பயப்படாத எங்கள் ஊர் மேய்ப்பன் ஆந்தே, இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தான்.

வாசலில் ஐவின்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான். “எப்படி இருக்கு?”

“படம் பரவால்ல,” என்றாள் சுன்னா. “கதை ரொம்ப நல்லாருக்கு.”