சாம்பார் வாளிக்காரர்

ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகே நான் தினமும் காலையில் சாப்பிட்ட ஓட்டலில் ஒரு சப்ளையர் இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் பேனா, கையில் சாம்பார் வாளி. டிப்ஸ் குறைந்தால் அவருக்குக் காது கேட்காது. ஒருநாள் வேறு சில்லறை இல்லாமல் வெறும் ஐந்து ரூபாய் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து அந்த வாளி என் இலையைத் தாண்டித் தாண்டிப் போனது.

“அண்ணாச்சி, சாம்பார்.”

“வாரேன் சார், செத்த இருங்க.”

வரவே மாட்டார். வெறும் இட்லியை விழுங்கிக்கொண்டே, என்ன செய்தால் இந்த ஆளுக்கு வலிக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அவர் கண்ணெதிரே, இலை எடுக்கும் அம்மாவைக் கூப்பிட்டு முழுசாக நூறு ரூபாய் கொடுத்தேன். அவருக்கு ஒரு பைசா வைக்கவில்லை. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மறுநாள் இட்லி வந்த கையோடு வாளியும் வந்தது. இட்லி மூழ்கும்வரை ஊற்றினார்.

“நேத்து எங்க வீட்டுல கறிக்கொழம்பு சார்.”

“என்ன விசேஷம்?”

இலை எடுக்கும் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அவ எங்க வீட்டுக்காரிதான். இனிமேலும் அவ கையிலயே குடுத்துருங்க.”

சாம்பார் ருசியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறமாட்டேன் என்கிறது.