கலியாணம் முடியட்டும்

முரசுமோட்டைப் பள்ளிக்கூட வளவில் வந்து நின்ற எக்ஸ்ரே வண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டி மீது கோபமில்லை. வயலில் நின்ற சனம் சேற்றுக் காலோடு வந்து, வரிசையில் நின்று நெஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு போனது. ஒரு சதம் கேட்கவில்லை. சயரோகத்துக்கு ஊசியும் குளிசையும் வந்துவிட்ட அறுபதுகள் அவை. பெரியப்பா வீட்டிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை.

பெரியப்பாவின் மகள், எங்கள் அக்கா, மாரி தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். பின்னேரமானால் காய்ச்சல் காயும். சட்டை தோளில் நிற்காது. அப்பா போய்த் தமையனிடம் கெஞ்சினார். பெரியப்பா கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"விசர்க் கதை கதையாதை. சாவகச்சேரியில சம்பந்தம் பேசி முடியிற நேரம். இவள் அந்த வரிசையில நிண்டாளெண்டால் நாளைக்கே அங்க கதை போயிடும். கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்."

காடு வெட்டிக் குடியேறியபோது யானைக்கும் மலேரியாவுக்கும் பயப்படாத மனிசன், ஊர் வாய்க்குப் பயந்தார்!

பொம்பிளை பார்க்க வந்த அன்று, விடியவே பெரியம்மா அவளுக்குக் கற்பூரவள்ளிச் சாறு பருக்கினார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா இருமலை அடக்கி அடக்கி, கண்ணில் நீர் முட்ட நின்றாள். "பிள்ளைக்கு வெக்கம்" என்று பெரியம்மா சிரித்தார். மாப்பிள்ளையின் தாயும் சிரித்தார். என்ன கெட்டித்தனம்!

கலியாணம் முடிந்தது. ஆனால் புதுப்பொம்பிளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? தலைத்தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்றார்கள் பெரியப்பா வீட்டில். அவள் இரத்தமாகத் துப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள்?" என்று டாக்குத்தர் கத்தினாராம். அக்கா உயிரோடு திரும்பவில்லை.

செத்தவீட்டில் மாப்பிள்ளையின் தாய் என் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே எனக்கு விளங்கினது, தங்கச்சி. எங்கட பெடியனும் அப்ப இருமிக்கொண்டுதான் திரிஞ்சவன். டாக்குத்தரிட்டக் காட்டப்போனால் நீங்கள் சம்பந்தத்தை விட்டிடுவியளெண்டு நாங்களும் காட்டேல்லை. அதுதான் நான் வாய் திறக்கேல்லை."

அம்மா கையை உதறினார். "இப்பவாவது அவனைக் கொண்டுபோய்க் காட்டினனீங்களோ?"

அந்த மனிசி பந்தலில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பிடிக் காட்டுறது? அவனுக்குக் கீழ இன்னும் கட்டிக்குடுக்காத குமர் ஒண்டு இருக்கெல்லே."