மைக்கில் நான் சொன்ன பதில்

கையில் மைக் கிடைத்தால் வாயை மூடத் தெரியாத ஜென்மம் நான். அப்போது கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் சர்ச் ஹாலில் இங்கிலீஷ் படம் போடுவோம். திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படத்தில் வரும் எல்லோருக்கும் மைக்கில் நானே தமிழில் பேசுவேன். ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் ஒரே குரல். எனக்குச் சளி பிடித்தால் இருவருக்கும் சளி. பாதிப் படம் எனக்கே புரியாது. ஆனாலும் ஜனம் சிரித்தது, அது போதும்.

விமானப்படையில் பைலட்டாக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் அட்டுவம்பட்டியிலிருந்து வருவார். கடைசி வரிசை, கதவோரம். மனைவி இறந்தபின் அவர் வெளியே தலைகாட்டும் ஒரே இடம் அதுதான் என்று அவர் வீட்டில் சமைக்கும் அக்கா சொல்லியிருந்தாள். அவருக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று ஒரு போர் விமானப் படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டேன். யாரைக் கேட்டுச் செய்தேன்? என் மூளையைத்தான். அது அன்றைக்கும் லீவு.

படத்தில் இரண்டு விமானங்கள். ஒன்று மேகத்துக்குள் போய்த் திரும்பவே இல்லை. மற்றதில் இருந்தவன் ரேடியோவில் நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் இல்லை. ஹாலிலும் சத்தமில்லை. சத்தமில்லாவிட்டால் நான் தோற்றுப்போனதாக நினைக்கும் வியாதி எனக்கு. காணாமல் போனவனின் குரலில் எடுத்துவிட்டேன்: "ஏலே, ஏன் இந்தக் கத்து கத்துற? வெரசா எறங்கு, டீ ஆறிக் கெடக்கு."

ஹால் குலுங்கியது. கதவு திறந்த வெளிச்சத்தில் சார் வெளியேறுவது தெரிந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு அவர் வீட்டு வாசலிலேயே மறந்துபோனது. பிளம்ஸ் மரத்தடியில் நின்றிருந்தார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஆரம்பித்ததும் கையமர்த்தினார். அவரும் ஒருநாள் ரேடியோவில் நண்பனை அப்படிக் கூப்பிட்டவராம். எரிபொருள் தீரப்போகிறது, திரும்பு என்று தரையிலிருந்து உத்தரவு வரும்வரை கூப்பிட்டாராம். வராத அந்தப் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று, மனைவிக்கும் கேட்காமல், நாற்பது வருடமாக நண்பனுக்கும் சேர்த்து அவரே பேசிப் பார்த்திருக்கிறார்.

"நான் சொல்லிப் பாத்த எதுவும் அவன் பேச்சு மாதிரி இல்ல தம்பி. நீ சொன்னது அவனேதான். டீ ஆறிப்போறதுதான் அவனுக்கு எப்பவும் பெரிய கவலை."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டார்: "இன்னொரு தடவ சொல்றியா?"

யாரும் கேட்காமலே பேசுகிறவன் நான். வாயைத் திறந்தேன். தொண்டையைச் செருமினேன். ஒரு எழுத்துகூட வரவில்லை.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார். இப்போது எல்லாப் படமும் செல்போனிலேயே தமிழ் பேசுகிறது. என்னை யாரும் தேடுவதில்லை. வண்டியில் தனியாகப் போகும்போது அந்த வரியைச் சொல்லிப் பார்க்கிறேன். சரளமாக வருகிறது.

அன்றைக்கு வரவில்லை. சார் அவசரப்படுத்தவும் இல்லை. மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். காத்திருந்து பழகியவர்.