முயல் பிடுங்கிய முடி

முயலைத் தத்தெடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதன் மார்பு வெறும் தோலாகிவிட்டது. கழக்கூட்டம் ஃப்ளாட்டில், கூண்டு மூலையில் குவிந்திருந்த வெள்ளை முடியை முறத்தில் பெருக்கி அள்ளியபடியே கால்நடை டாக்டருக்கு போன் போட்டேன்.

"சீக்கில்லை, சினை. குட்டிகளுக்கு மெத்தை போடத் தன் முடியைத் தானே பிடுங்குகிறது" என்றார் மலையாளத்தில். "அதை எடுத்து எறிந்துவிடாதீர்கள், குட்டிகள் குளிரில் செத்துவிடும்."

துடைப்பத்தோடு கை அப்படியே நின்றது.

முன்பும் எங்களிடம் ஒரு முயல் இருந்தது, அப்போது எனக்கு ஒன்பது வயது. நகரத்துப் பழைய கோட்டைக்குள் எங்கள் அக்ரஹார வீடு. கிணற்றடியில் பலகைக் கூண்டு, அதில் ஒரு சாம்பல் முயல். காலையில் கூண்டெல்லாம் முடியாக இருக்கும். "ஆத்துல முடி பறந்தா சண்டை வரும்டி, போய்ப் பெருக்கு" என்பாள் அம்மா. ஈர்க்குச்சித் துடைப்பத்தால் ஒரு இழை விடாமல் பெருக்கிக் கொட்டுவேன். மறுநாள் அது மறுபடி பிடுங்கிக் குவித்திருக்கும். மறுபடி பெருக்குவேன்.

ஐந்தாம் நாள் வெறும் பலகையில் நாலு குட்டிகள், முடியே முளைக்காமல், விறைத்துக் கிடந்தன. அப்பா குனிந்து பார்த்தார். "இதெல்லாம் ஒரு தாயா?" என்றார்.

நானும் நம்பினேன். அந்த முயலை அதன்பின் தொடவேயில்லை.

இப்போது முறத்தில் இருந்ததை ஒரு இழை விடாமல் மூலையில் திரும்ப வைத்தேன். முயல் பக்கத்தில் வரவில்லை. என் கையிலிருந்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.