அந்த ஃப்ளெக்ஸில் இருப்பது முனிராஜ் அல்ல

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குள் இயந்திரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மத்தியானம் வெளியே வந்தபோது செக்யூரிட்டிக்காரர் போனை நீட்டி, "இது அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு சார். நாங்க எடுத்துப் பேசக் கூடாது. ஏதோ அவசரமாட்டம் இருக்கு, பாருங்க" என்றார். அழைத்தவள் என் ஸ்டுடியோக் கூட்டாளி முனிராஜின் மனைவி லட்சுமி. திருப்பிக் கூப்பிட்டேன். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றாள். அந்த கேட்டின் முன்னால் நின்று நான் சொன்ன முதல் வார்த்தையை இங்கே அச்சிட முடியாது. அவனைத்தான் திட்டினேன்.

பிறகென்ன? அன்று காலை அவனும் என்னோடு வந்திருக்க வேண்டியவன். "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு, ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும், நீ போ" என்று போனில் சொன்னான். படத்தில் ஒரு தூசி இருந்தால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, என்னை ஊரே கேட்கத் திட்டுகிறவன், தன் நெஞ்சு வலியைச் சோடாவில் முடித்துவிடப் பார்த்தான். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கேமரா தூக்குகிற உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். வேப்பனப்பள்ளிக்காரன். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, கன்னடத்தில் முடிப்பான். எங்கள் ஸ்டுடியோவில் படமெடுப்பது நான், கம்ப்யூட்டரில் உட்கார்வது அவன். கேமராவிலிருந்து ரா ஃபைல்தான் அவனுக்கு வேண்டும். கேமரா பார்த்தது முழுவதும் சிந்தாமல் அதில் இருக்கும். அதைத் திறந்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து, ஒன்றும் குறையாத டிஃப் ஆக மாற்றித்தான் பிரிண்டுக்குக் கொடுப்பான். ஜேபெக் சின்னதாகச் சுருங்கும், ஆனால் சுருங்குகிறபோதே கொஞ்சத்தை வீசிவிடும். "எதை வெச்சுக்கணும், எதை வீசணும்னு அதுவே முடிவு பண்ணுதுன்னா நமக்கு எதுக்குடா கண்ணு?" என்பான். டிஃப் ஒவ்வொன்றும் யானை கனம். கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும். நான் கத்துவேன். அவன் டீ வாங்கிக்கொண்டு வந்து, அது நகரும்வரை காத்திருப்பான்.

மத்தூரில் ஒரு கல்யாணம். பெண் நல்ல கருப்பு, களையான முகம். ஆல்பம் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணு கருப்பாத் தெரியுது, கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்கப்பா" என்றார். இது நம் எல்லோருக்கும் பழகிய பேச்சுதான். நாமும் சரியென்று இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்துவிடுகிறவர்கள்தான். முனிராஜ் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தான். "ஏன் பெரியவரே, பொண்ணு பாக்கப் போனப்ப கரண்ட் இல்லியா?" என்றான். பெரியவர் முகம் சிவந்துபோயிற்று. பின்னால் நின்ற அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். முனிராஜ் அவளைத் திரைக்குக் கிட்டே கூப்பிட்டான். "பாரும்மா, இதெல்லாம் ஒரே கருப்பா? கன்னத்துல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, கண்ணுக்குக் கீழ ஒண்ணு. இத சுருக்குனா எல்லாம் ஒண்ணாப் போயி மொத்தையா நிக்கும். அப்பறம் அது நல்லால்லன்னு வெள்ளை அடிப்பாங்க." அந்த ஆல்பம் அவள் நிறத்திலேயே அச்சாகிப் போனது.

இப்பேர்ப்பட்டவனுக்கு நீங்கள் வைத்தீர்களே ஒரு அஞ்சலி ஃப்ளெக்ஸ்!

வேப்பனப்பள்ளியில் அவன் வீட்டுக்குத் திரும்புகிற முனையில் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினேன். ஊத்தங்கரையில் ஒரு கிரகப்பிரவேசத்தில் யாரோ போனில் எடுத்த படம். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி, ஒவ்வொரு கையிலும் சுருங்கி வந்ததை வெட்டி, ஆளுயரத்துக்கு இழுத்து, கண்ணெல்லாம் கட்டங்கட்டமாகி, அதை மறைக்க மாவு பூசினதுபோல் வெள்ளையடித்து வைத்திருந்தீர்கள். மோவாயில் இருந்த தழும்பைக் காணோம். தோளில் மட்டும் வெட்டுப்பட்ட ஒரு கை. அது என் கை. கீழே வரிசையாக உங்கள் முகங்கள், ஒவ்வொன்றும் பளிச்சென்று. செத்தவனைவிட இரங்கல் சொல்கிறவர்கள் தெளிவாக இருக்கிற கூத்தை அங்கேதான் பார்த்தேன். இதை அடித்ததும் படத்தொழில்காரர்கள்தான். வெட்கமாக இல்லையா? எனக்கு இருந்தது.

லட்சுமியின் தம்பி அதே படத்தைக் காரியத்துக்கும் ஃப்ரேம் போடக் கொடுத்துவிட்டான். மறுநாள் லட்சுமி போன் செய்தாள். "அண்ணா, அதுக்கு முன்னாடி என்னால வெளக்கேத்த முடியாதுண்ணா. அது யாரோ. காலத்துக்கும் அதத்தான் செவுத்துல பாக்கணுமா நானு?" என்றாள். அவளுக்கு அவன் முகம் வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் முகம் திருத்திக் கொடுத்தவன் வீட்டில் அவன் படம் ஒன்று உருப்படியாக இல்லை. எடுக்கப் போனால், "போய் வேலையப் பாரு" என்பான்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து தேடினேன். அவன் போவதற்கு முந்தின வாரம் அதே சிப்காட் கம்பெனிக்கு இருவரும் போயிருந்தோம். வெளிச்சம் சரிபார்க்க இயந்திரத்துக்கு முன்னால் அவனை உட்காரவைத்து ஒன்று எடுப்பது எங்கள் வழக்கம். அந்த மெமரி கார்டை இன்னும் அழித்திருக்கவில்லை. படம் இருந்தது. ஆனால் ஃப்ளாஷ் அடிக்கவில்லை. திரையில் ஒரே இருட்டு, நடுவில் சட்டைக் காலர் மட்டும். சனியன் பிடித்த ஃப்ளாஷ் என்று மேசையில் குத்தினேன்.

அப்புறம்தான், இது ரா ஃபைல் ஆயிற்றே என்று மண்டையில் உறைத்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, இருட்டான இடங்களில் வெளிச்சத்தை மெல்ல ஏற்றினேன். முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்கு, மோவாய், அந்தத் தழும்பு. "சீக்கிரம் எடுத்துத் தொலைடா" என்று என்னைத் திட்டுகிற பாதி வாய். இருட்டிலிருந்து ஏற்றியதால் அங்கங்கே மணல்மணலாக இருந்தது. அதை வழித்து மழமழப்பாக்கவில்லை, விட்டுவிட்டேன். நான் அழுதேன், அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது. ஒன்றும் குறைக்காமல் டிஃப் ஆக மாற்றினேன். கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திணறி நின்றது. நான் கத்தவில்லை. போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

காரியத்தன்று காலையில் பிரிண்டைக் கொண்டுபோனேன். லட்சுமியின் தம்பி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுண்ணா. கொஞ்சம் கலர் ஏத்தியிருக்கலாம், மாமா ரொம்பக் கருப்பாத் தெரியறாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் லட்சுமி முந்திக்கொண்டாள். "உங்க மாமா கருப்புதான்டா. கம்முனு ஆணியடி." படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "பாருண்ணா, திட்டிக்கிட்டே இருக்காரு" என்றாள். விளக்கை அவளே ஏற்றினாள். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

பந்தியில் உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "படம் சூப்பர் சார். வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்க, அந்த ஃப்ளெக்ஸை மாத்தி அடிச்சிரலாம்" என்றார். இலையில் இருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன்.

பிரிண்ட் லட்சுமியிடம் இருக்கிறது. ஃப்ளாஷ் அடிக்காத அந்த இருட்டு ஃபைல் என்னிடம் இருக்கிறது, எடுத்தது எடுத்தபடி. அவன் கோபமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதை வைத்துத்தான் அந்த மனிதருக்குப் பதில் சொன்னேன். உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்: "மொதல்ல அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டு. அப்பறம் பென்டிரைவ் எடுத்துக்கிட்டு நேர்ல வா."