டோனலி சாமியார் காய்ச்சிய பீர்

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கிய கோயில் உபதேசியார் நேரே மருந்தகத்துக்குள் வந்து, "டோனலி சாமியார் பூட்டாரு" என்றார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில், காலையில் உயிர் பிரிந்ததாம். மருந்து கலக்கிக்கொண்டிருந்த நான் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். செஞ்சியில் அவரை அறிந்த நீங்கள் அவரைப் பற்றிப் பலவிதமாகப் பேசுவீர்கள். கோயில் மருந்தகத்தின் கம்பவுண்டராக நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அயர்லாந்துக்காரர், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பாதிரியார். அவர் அப்பா அங்கே பீர் ஆலையில் பீப்பாய் செய்தவர். நோயாளிகள் வராத மதியங்களில் சாமியார் அதைப் பற்றித்தான் பேசுவார். ஒரு காலத்தில் மடத்துத் துறவிகளே பார்லியை முளைகட்டி பீர் காய்ச்சினார்களாம். பெண்கள் அன்றாடச் சமையலோடு அதையும் காய்ச்சினார்களாம். பெரிய ஆலைகள் வந்த பிறகுதான் வீட்டுப் பானைகள் ஓய்ந்தனவாம். "வாசலுக்கு வந்தவன் யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒரு குவளை குடுப்பாங்க" என்பார்.

நம் ஊரில் மதுவிலக்கு. இருந்தும் ஒரு மார்ச் மாதம், தம் நாட்டுப் புனிதரின் திருநாளுக்கென்று கடைத்தெருவில் பார்லி வாங்கி, கசப்புக்கு நிலவேம்பு போட்டு, சமையற்கட்டில் காய்ச்சினார். முளைகட்டிய பார்லியை இடித்துக் கொடுத்தவன் கோயில் வேலையாள் சவரிமுத்து. திருநாளன்று மாலை அவன் ஒரு டம்ளர் கேட்டான். சட்டம் இடம் கொடுக்காது என்றார் சாமியார். குடித்துக்கொண்டேதான் சொன்னார்.

சவரிமுத்து மலையடிவாரத்துக்குப் போய், வார்னிஷ் கலந்த சாராயத்தைக் குடித்தான். மறுநாள் காலை அவன் மனைவி பாக்கியம் கைத்தாங்கலாக அவனை மருந்தகத்துக்கு அழைத்துவந்தாள். ஜன்னல் வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்தது.

"வெளக்கு ஏத்துங்க சார். ஒண்ணும் தெரில" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் செய்ய வந்த சாமியாரிடம் பாக்கியம் அழாமல் சொன்னாள்: "இடிச்ச கைக்கு ஒரு டம்ளர் குடுத்திருந்தா வூட்டோட கெடந்திருப்பாரு, சாமி." அவர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். உபதேசியார்தான் முடித்துவைத்தார்.

அடுத்த ஞாயிறு பூசையில் அவர் பிரசங்கம் செய்யவில்லை. "சட்டம்னு நான் சொன்னது பொய். குடுக்க மனசு வரல" என்று மட்டும் சொன்னார். பிறகு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தாம் காய்ச்சியதைச் சொன்னார். அவர்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. மேலிடம் அவரைப் பாண்டிச்சேரிக்கு மாற்றியது. அங்கே நான் பார்க்கப் போனபோதெல்லாம் பாக்கியத்தைப் பற்றித்தான் கேட்டார். பீர் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவர் நல்லவர் என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மருந்தகத்துக்கு வருகிற ஒருவரிடம் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்ல வாயெடுக்கும்போது, இது சட்டமா, என் மனசா என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தயக்கம்தான். அதற்கு விலை கொடுத்தவன் சவரிமுத்து.