மேரிசெல்வி கழற்றிய மாலை

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி, ஓடு சரிந்த பழைய உப்புக் கிடங்கில் இருபத்திரண்டு குடிகாரர்களைக் கட்டி மேய்த்தாள் மேரிசெல்வி. வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் துரத்தப்பட்டவர்கள். சுனாமிக்கு மறுவருஷம் ஒரு டிரஸ்ட் வந்து அந்தக் கிடங்குக்கு மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டியது. பத்தாவது வரை படித்து, உப்பு வாரிக் கை காய்த்து, புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்த அவளை வார்டன் ஆக்கியது.

குடித்துவிட்டு வருபவனுக்கு இடமில்லை என்பது டிரஸ்ட் விதி. விதி எழுதிய செயலாளர் தெய்வசிகாமணி அங்கே ஒரு நாளும் படுத்தவர் அல்ல. மேரிசெல்வியின் விதி வேறு. “நடந்து வந்தா சோறு. தூக்கிட்டு வந்தா கஞ்சி.” அதற்காகவே பலர் சுவரைப் பிடித்துக்கொண்டாவது நடந்து வந்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் மழை உப்புப் பாத்திகளை மூழ்கடித்திருந்தது. வேலை இல்லை. குடிப்பதற்கு மட்டும் நாள் முழுக்க நேரம் இருந்தது. செயலாளருக்கு அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது.

“டாக்டரு, மருந்து எல்லாம் தண்டச் செலவும்மா. அய்யப்பனுக்கு மாலை போட்டுட்டா எவன் குடிப்பான்?”

“சார், முப்பது வருஷமா குடிக்கிறவங்க...”

“உனக்கு எங்க சாமியப் பத்தி என்ன தெரியும்?”

கார்த்திகை முதல் தேதி ஒரு குருசாமியைக் காரில் கூட்டிவந்து, இருபத்திரண்டு கழுத்துக்கும் மாலை, இருபத்திரண்டு இடுப்புக்கும் கறுப்பு வேட்டி போட்டார். வரும் புதன்கிழமை போட்டோகிராபரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் மாலையை மடியில் செருகிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள் என்று மேரிசெல்வி நினைத்தாள். ஒருவனும் ஓடவில்லை. பெண்டாட்டி அழுதும், போலீஸ் அடித்தும் விடாதவர்கள், அய்யப்பனுக்குப் பயந்து ஒரே நாளில் விட்டார்கள். “கொஞ்சம் தள்ளிப் படு சாமி.” “பீடி இருக்குதா சாமி?” இத்தனை காலம் டேய் என்று மட்டுமே கேட்ட காதுகளுக்கு அந்த மரியாதையே போதையாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அர்ச்சுனன் கையிலிருந்த கஞ்சி வேட்டியெல்லாம் சிந்தியது. ஐம்பத்தைந்து வயது உப்பளத் தொழிலாளி. இல்லாத எறும்புகளைச் சுவரிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மேரிசெல்வி கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். அவள் புருஷன் ராஜவேலும் இப்படித்தான் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் வலிப்பு, நான்காம் நாள் கல்லறை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருந்து கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்று டாக்டர் அதற்கப்புறம் திட்டினார்.

பூத்துக்கு ஓடிச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

“சரணம் சொல்லச் சொல்லும்மா, சரியாயிடும். புதன்கிழமை வரைக்கும் ஒரு மாலையும் இறங்கக் கூடாது.”

போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்தாள். அர்ச்சுனன் ஏறவில்லை.

“நான் வரலம்மா. குடிகாரனுக்குப் போடற ஊசியே சாராயத்துல செஞ்சதுதான். மாலையோட அத ஏத்திக்கிட்டா அய்யப்பன் விடமாட்டான்.”

“யாரு சொன்னது?”

“பாவாடை சாமி சொன்னாரு.”

இருபத்திரண்டு பேரில் ஒருவனான பாவாடை, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவன். உலகத்து வைத்தியமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

“அப்ப மாலையக் கழட்டு சாமி.”

“பெத்த தாயி கழட்டுனாத்தான் குத்தமில்ல. எங்கம்மா செத்துப் பதினாறு வருஷமாவுது.”

“நான் கழட்டறேன்.”

“நீ வேதக்காரியாச்சே!”

“வேதக்காரி புள்ள பெக்கமாட்டாளா? குனி சாமி. கோவம் வந்தா உங்க அய்யப்பன் என்கிட்ட வந்து கேக்கட்டும்.”

அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவன் குனிந்தான். மாலையைக் கண்ணில் ஒற்றி, அய்யப்பன் படத்துக்கு மாட்டிவிட்டு, அவனை ஆட்டோவில் தள்ளினாள். புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே வலிப்பு வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றார்கள்.

மறுநாள் காலை இல்லத்தில் ஒன்பது பேர், அவள் கழற்றினால் குற்றமில்லை என்று, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பாவாடைதான் முதலில்.

“கையை நீட்டு,” என்றாள்.

நீட்டினான். நடுக்கம் வருவதற்காக முழங்கையிலிருந்து ஆட்டினான்.

“யோவ், இது குளிரு நடுக்கம்கூட இல்ல. போய்ப் பாத்திரம் தேய்.”

நிஜமாகவே நடுங்கியவர்கள் மூன்று பேர். அவர்கள் மாலையை மட்டும் கழற்றி, அதே ஆட்டோவில் ஏற்றினாள்.

புதன்கிழமை வந்த செயலாளர் கழுத்துகளை எண்ணிப் பார்த்துக் குதித்தார். “பதினெட்டுதான் இருக்குது! என்னம்மா, மதம் மாத்தறியா?”

“நாலு உசுரு ஆஸ்பத்திரியில இருக்குது சார். செத்திருந்தா மாலையோடவே படுக்கவெச்சு போட்டோ எடுத்திருக்கலாம். கெடுத்துட்டேன்.”

போட்டோகிராபர் சிரிப்பை அடக்கக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அடுத்த மாதத்திலிருந்து வேறு வார்டன் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு பேரையும் நெருக்கி நிற்கவைத்துப் படமெடுத்துக்கொண்டு போனார் செயலாளர்.

மேரிசெல்வி அன்றைக்கே சாப்பாட்டு வாளியோடு பஸ் ஏறினாள். அர்ச்சுனன் கட்டிலில் உட்கார்ந்து, கை நடுங்காமல் வாளியைத் திறந்து, முகம் சுளித்தான்.

“சாம்பாரா? மாலதான் இல்லியேம்மா. மீனு வாங்கக் கூடாதா?”